சீர் வந்தது, மாமன் வரவில்லை

எனக்குத் தெரிந்த நேரங்கள் மொத்தம் இரண்டு. ஒன்று, 'இன்னும் நேரம் இருக்கு.' இன்னொன்று, 'அய்யய்யோ.' இரண்டுக்கும் நடுவில் மற்றவர்களுக்கு ஏதோ இருக்கிறதாம். கால் மணி, அரை மணி, முக்கால் மணி என்று அதைக் கூறுபோட்டு வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்கிறார்கள். எனக்கு நாற்பது வயதாகிறது. இன்னும் அதை நான் கண்ணால் பார்த்ததில்லை.

பரமக்குடியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்து வயல்களில் எந்த மோட்டார் எரிந்துபோனாலும் என்னிடம்தான் வரும். கருகிய செம்புக் கம்பியை வெட்டியெடுத்துவிட்டு, புதுக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி உள்ளே இறக்க வேண்டும். எண்ணிக்கை தப்பினால் மோட்டார் கெட்டது, என் பெயரும் கெட்டது. அந்த வேலையில் உட்கார்ந்துவிட்டால் பக்கத்துக் கடை தீப்பிடித்தாலும் எனக்குத் தெரியாது. சும்மா சொல்லவில்லை, ஒருமுறை பிடித்தது. தீயணைப்புக்காரர் வந்து தோளைத் தட்டி, "யோவ், வெளிய வாய்யா" என்று கத்தியபோது, "ஒரு நிமிசம் சார், எண்ணிக்கை விட்டுப்போகும்" என்றேன்.

இவ்வளவு கவனம் உள்ளவனுக்குக் கவனக் குறைவு என்றால் எவன் நம்புவான்? அதனால் ஊரில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். திமிர். "வேணும்னா சோறு தண்ணி இல்லாம பாப்பான். வேண்டாட்டி போனைக்கூட எடுக்க மாட்டான். திமிர் புடிச்ச பய." நானும் பல வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். திமிர் என்றாலாவது கொஞ்சம் கெத்தாக இருக்கிறது.

எனக்கு ஒரே தங்கை. உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்தோம். முதல் பையன் பிறந்து, குலசாமி கோயிலில் முடியிறக்கிக் காது குத்த நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் சாமிக்கு அடுத்தபடி தாய்மாமன்தான். மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் முடி எடுப்பார்கள். மாமன் எடுத்துவந்த துணியை உடுத்தி, மறுபடி மாமன் மடியில் வைத்து, மாமன் கொண்டுவந்த தோட்டைத்தான் காதில் போடுவார்கள். எவ்வளவு வெட்டிப்பயலாக இருந்தாலும் அந்த ஒரு நாள் மாமன் ராசாதான். அவன் செய்ய வேண்டிய வேலை உட்காருவது. அவ்வளவுதான். உட்காருவதற்கு என்ன பெரிய திறமை வேண்டும்?

அந்த வேலையில்தான் நான் கோட்டைவிட்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது. பரமக்குடியிலிருந்து அங்கே போக பைக்கில் ஒன்றரை மணி நேரம் ஆகும். அம்மா, என் மனைவி, சொந்தக்காரர்கள் எல்லோரும் சீர்த்தட்டு இருபத்தொன்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு விடியுமுன்னே கிளம்பினார்கள். நான் வேனில் ஏறவில்லை. "நீங்க முன்னாடி போங்க, நான் பைக்ல பின்னாடியே வாரேன்" என்றேன். காரணம், பையனுக்கு வாங்கிய தங்கத்தோடு கடை மேசை டிராயரில் இருந்தது. வீட்டில் வைத்தால் தொலைத்துவிடுவேன் என்று நானே மூளையைப் பயன்படுத்தி அங்கே பத்திரப்படுத்தியிருந்தேன். நான் பத்திரப்படுத்திய பொருள் எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை.

ஐந்தேகாலுக்குக் கடை ஷட்டரைத் தூக்கினேன். தோட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். அதோடு ஷட்டரை இறக்கியிருக்க வேண்டும். மேசைமேல் ஒரு மோட்டார் பாதி சுற்றிக் கிடந்தது. கையில் விட்ட அந்த ஒரு சுருளை மட்டும் முடித்துவிடலாம். ரெண்டு நிமிசம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

தலையை நிமிர்த்தியபோது மணி எட்டு நாற்பது. போன், கருகிய கம்பிக் குவியலுக்கு அடியில் சத்தமில்லாமல் கிடந்தது. முப்பத்தேழு அழைப்புகள். கடைசி அழைப்பு தங்கையுடையது. ஒரு சுருள் அல்ல, முழு மோட்டாரையும் முடித்திருந்தேன், பிரித்துப்போட்டிருந்த இன்னொன்றையும் சேர்த்து. அய்யய்யோ.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தேகால். சந்தனம் பூசிய மொட்டையோடு என் மருமகன் யாரோ தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். காதில் அவன் அத்தை மகளிடமிருந்து கழற்றிப் போட்ட கம்மல். மடிக்கு ஆள் வேண்டுமே என்று, சாப்பிட வந்த எங்கள் சித்தப்பா மகனைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறார்கள். அவன் என்னைப் பார்த்ததும் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி, "அண்ணே, இந்தாங்க" என்று நீட்டினான். அதை வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். தங்கையின் மாமியார் பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"சீர்த்தட்டு இருவத்தொண்ணும் வந்துருச்சு. மாமன் மட்டும் வரல. அடுத்த தடவை மாமனையும் ஒரு தட்டுல வச்சுத் தூக்கிட்டு வாங்கத்தா."

எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தங்கை சிரிக்கவுமில்லை, குனியவுமில்லை. "பஞ்சர் தாயீ" என்றேன் அவளிடம். அவள் எழுந்துபோய் என் பைக்கின் இரண்டு டயரையும் பார்த்துவிட்டு வந்தாள்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். நான் பந்திக்கும் பிந்தி, கறி தீர்ந்து, கடைசி இலையில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். அந்த நிலைமையிலும் சாப்பிட்டேன் பாருங்கள், அதுதான் கேவலம். பசித்தது.

அதன்பிறகு அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. மரியாதை கொடுக்க ஆரம்பித்தாள். நான் அவள் வீட்டுக்குப் போனால், நடு வீட்டில் நான் உட்கார்ந்திருக்கும்போதே என் மனைவியிடம், "அவுகளைச் சாப்புடச் சொல்லுங்க மதினி" என்பாள். கூடப் பிறந்தவனை 'அவுக' என்று கூப்பிட்டால் அதற்குமேல் வைய ஒன்றுமில்லை. நான்கு வருடம் நான் 'அவுக'வாகவே இருந்தேன்.

வீட்டில் மற்றவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். எனக்கு மட்டும் பொய் நேரம் சொல்வது. பத்து மணிக் கல்யாணத்தை எட்டரை என்பார்கள். இரண்டு முறை ஏமாந்து, மண்டபத்தில் சமையல்காரரோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பிறகு எனக்கு விஷயம் புரிந்தது. எட்டரை என்றால் பத்து என்று நானே கணக்குப் போட்டேன். அதைத் தெரிந்துகொண்டு அம்மா ஏழு என்றார். நான் பத்தரை என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் எங்கள் குடும்பத்தில் எந்தக் காரியம் எத்தனை மணிக்கு என்று ஒருவருக்கும் தெரியாமல் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு வீடியோ வந்தது. ஒரு பெண் மருத்துவர், பெரியவர்களுக்கும் வரும் ஏ.டி.எச்.டி. பற்றிப் பேசினார். மறதி, தாமதம், ஒன்றை முடிக்குமுன் ஒன்பதைத் தொடங்குவது, பிடித்த வேலையில் மூழ்கினால் உலகமே மறந்துபோவது, இவையெல்லாம் மூளையின் அமைப்பிலேயே இருக்கலாம் என்றார். பிறகு அடுத்த வீடியோ, அதற்கடுத்தது. கவனக் குறைவு பற்றி மூன்று மணி நேரம் கண் கொட்டாமல் கவனமாகப் பார்த்தேன். மோட்டார் எடுக்க வந்த விவசாயி திண்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வைதுகொண்டே போய்விட்டார்.

மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கினேன். தவறவிட்டேன். மறுபடி வாங்கினேன். போனேன், ஆனால் அவர்கள் கொடுத்த தேதி அதற்கு முந்தைய நாள். வரவேற்பில் இருந்த பெண் சிரிக்காமல் சொன்னார்: "பரவால்ல சார். இந்தக் கேசுக்கு வர்றவங்க சொன்ன தேதிக்கு வந்தாத்தான் எங்களுக்குச் சந்தேகமா இருக்கும்."

மூன்றாம் முறை மனைவி கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். மருத்துவர் பள்ளிக்கூட ரேங்க் கார்டுகளைக் கேட்டார். அம்மா பெட்டியில் வைத்திருந்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பத்து ஆசிரியர்கள், பத்துக் கையெழுத்துகளில், பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: திறமை உண்டு, கவனம் இல்லை. மருத்துவர் அதைப் படித்துவிட்டு நெடுநேரம் கேள்வி கேட்டார். கடைசியில் ஆமாம் என்றார்.

பேருந்தில் வரும்போது சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் தெரியாது. நாற்பது வருடமாகத் திமிர் என்று நினைத்துச் சுமந்தது திமிரே இல்லை என்றால், இவ்வளவு நாள் வாங்கிய ஏச்சுக்கெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் முறத்தைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"ஏலே, இதுக்கா மதுர வரைக்கும் போயிட்டு வார? என்ட்ட கேட்டா நானே சொல்லிருப்பேனே. நீ வயித்துக்குள்ளயே ஒரு எடத்துல கெடந்தவன் இல்ல."

மாத்திரை கொடுத்தார்கள். மறதிக்காரன் மாத்திரையை மறந்தான் என்று சிரிக்க எல்லோருக்கும் ஆசை. உண்மை அதைவிட மோசம். போட்டோமா இல்லையா என்று டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் பத்து நிமிடம் திருதிருவென விழிப்பேன். மனைவி ஏழு கிழமைக்கும் ஏழு அறை உள்ள டப்பா ஒன்று வாங்கிவந்தாள். மாத்திரையால் கொஞ்சம் நிதானம் வந்தது. மீதியை நான்தான் செய்ய வேண்டியிருந்தது. அது என்னவென்றால், என்னை நம்பாமல் இருப்பது. தலைக்குள் வைத்த எதுவும் தங்காது என்று ஒப்புக்கொண்டு, கடையில் ஒரு கம்பி கட்டி எல்லாவற்றையும் கண்ணெதிரே தொங்கவிட்டேன். சாவி, ரசீது, மூக்குக்கண்ணாடி, கரண்டு பில். கடைக்கு வருகிறவர்கள், "என்னண்ணே, கருவாடு காயப்போட்டிருக்கியளா?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். பில் கட்டியாகிறது.

இந்த நிலையில் தங்கைக்கு இரண்டாவதாகப் பெண் பிறந்து, அவளுக்கும் காதுகுத்து வந்தது. முதல் அழைப்பு தாய்மாமனுக்குத்தான் வைக்க வேண்டும். அவள் கடைக்கே வந்தாள். தொங்கிக்கொண்டிருந்த சாமான்களைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு மருத்துவர், மூளை, ஏ.டி.எச்.டி. என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"எல்லாருக்குந்தான் மறக்குது. நானுந்தான் அடுப்புல பாலை வச்சுட்டு மறக்கேன். ஆனா எம்பிள்ளைய ஒரு நாளும் பஸ்ல மறந்து வச்சுட்டு எறங்குனதில்ல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள். "வெள்ளிக்கெழம ஒம்போதுலேர்ந்து பத்தேகாலு. பத்தரைக்கு ராகுகாலம். அண்ணன்ட்ட ஏழுன்னு சொல்லுன்னு அம்மாவும் சொன்னாக, மதினியும் சொன்னாக. நான் சொல்லல. ஒங்கிட்ட பொய் சொல்லி வரவைக்கிறதுக்கு நீ வராமலே இருக்கலாம். ஒம்போதுன்னா ஒம்போதுதான். இந்தத் தடவையும் நீ வரலேன்னா, எனக்குப் பொறந்த வீடு இல்லன்னு நெனச்சுக்கிருவேன்."

அவள் போன பிறகு அன்று முழுக்க ஒரு மோட்டார் வேலையும் ஓடவில்லை. அவள் 'நீ' என்று சொன்னதையும், 'பொறந்த வீடு இல்ல' என்று சொன்னதையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் முழு அவமானத்தோடு ஏற்பாடு செய்தேன். வியாழக்கிழமை மதியமே கடையைப் பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்தேன். பைக்கை அவள் தம்பி வீட்டில் விட்டேன். தோட்டை என் கண்ணில் காட்டாதே என்றேன். பஸ்ஸில், சன்னலோரத்தில், கைதியைப் போலப் போனேன். முதல்நாளே வந்து நின்ற மாமனைத் தங்கையின் மாமியார் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தட்டு எங்கன?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்குக் கோயிலில் சமுக்காளம் விரித்தார்கள். விரித்த கையோடு அதில் உட்கார்ந்துவிட்டேன்.

"மச்சான், முகூர்த்தம் ஒம்போதுக்கு" என்றார் தங்கையின் வீட்டுக்காரர்.

"தெரியும் மாப்ள. நான் இங்கனயே இருக்கேன்."

ஏழரைக்குக் கோயில் மோட்டார் மக்கர் செய்தது. ஸ்விட்சைப் போட்டால் தண்ணீர் ஏறவில்லை, 'ம்ம்ம்' என்று உறுமல் மட்டும் வந்தது. மொட்டைத் தலையைக் கழுவத் தண்ணீர் வேண்டும், கறி வேகத் தண்ணீர் வேண்டும். கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பரமக்குடியிலேயே பெரிய மோட்டார்க்காரன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறானே.

"மச்சான், ரெண்டே நிமிசம். வந்து என்னன்னு பாத்துருங்க."

ரெண்டு நிமிசம்! என் வாழ்க்கையை நாசமாக்கியதே அந்த இரண்டு வார்த்தைதான். அந்த உறுமலைக் கேட்கக் கேட்க எனக்குக் கை பரபரத்தது, வாயில் எச்சில் ஊறியது. ஒரு தடவை அந்த அறைக்குள் நுழைந்தால், கெப்பாசிட்டரை மாற்றுவேன், அப்படியே பேரிங்கைப் பார்ப்பேன், பிறகு கோயில் வயரிங் முழுவதையும் பிரித்துப்போட்டுவிட்டு ராகுகாலத்தில்தான் வெளியே வருவேன். என்னை எனக்குத் தெரியும்.

"வர மாட்டேன் மாப்ள" என்றேன்.

கூட்டம் அப்படியே அசந்துவிட்டது. "கையில தொழில வச்சுக்கிட்டு என்னா திமிர்" என்று யாரோ சொன்னார்கள். மாமியார் பாட்டாகவே ஆரம்பித்தார்: "அன்னைக்கு வராம கெடுத்தாரு. இன்னைக்கு வந்து கெடுக்காரு." என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன். "மாப்ள, மொதல்ல மெயினை அணைச்சிருங்க. பொட்டியத் தெறந்தா குண்டா டப்பா மாதிரி ஒண்ணு இருக்கும். கையால தொடாம பாருங்க. வீங்கியிருக்கா?"

"வீங்கித்தான் இருக்கு மச்சான்!"

"அதேதான், கெப்பாசிட்டர் போச்சு. அதுல போட்டிருக்கிற நம்பரை போட்டோ எடுத்துக்கிட்டு உச்சிப்புளிக்கு ஆள் விடுங்க. எலக்ட்ரீசியன் ஒருத்தரையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. நான் எந்திரிக்க மாட்டேன்."

இதற்கிடையில் எனக்கு ஒன்றுக்கு முட்டியது. கழிப்பறைக்குப் போகும் வழியில்தான் அந்த மோட்டார் அறை. அதனால் போகவில்லை. இப்படி ஒரு வீரத்தை எங்கள் வம்சத்தில் யாரும் காட்டியதில்லை. எட்டே முக்காலுக்கு மோட்டார் ஓடிற்று. அந்தச் சத்தம் கேட்டு ஆண்டவனைக் கும்பிட்டேன், வேறொரு அவசரத்துக்காகவும் சேர்த்து.

ஒன்பது பத்துக்குத் தங்கை பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அது என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் வீல் என்று கத்தி, மீசையைப் பிடித்துத் தொங்கியது. முடி எடுத்து முடியும்வரை விடவில்லை. குளிப்பாட்டி, நான் எடுத்த பாவாடை சட்டையைப் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மாலை என் கழுத்தில் கிடந்தது. காது குத்தியபோது அது அழுதது, நானும் அழுதேன். யாருக்கு அதிகம் வலித்தது என்று மாப்பிள்ளை எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

முதல் பந்தியில் எனக்கு இலை போட்டார்கள். தங்கையே பரிமாற வந்தாள். கறியை வைத்துவிட்டு, வாளியோடு என் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள். முகம் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் பாராட்டை எதிர்பார்த்து இளித்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கும் வந்துருக்கலாம்லண்ணே" என்றாள்.

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

"ரோட்டு முக்குல போய் நின்னேன். வார பைக்கெல்லாம் நீதான்னு நெனச்சேன். சும்மா நிக்க முடியாம எண்ண ஆரம்பிச்சேன். நாப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணுனேன். அப்புறம் பிள்ளைய வேற மடியில வைக்கப் போறாகன்னு உள்ள கூப்புட்டாக."

ஏ.டி.எச்.டி. என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. பொய் இல்லை, மருத்துவர் எழுதிக் கொடுத்த உண்மை. ஆனால் அவள் என்ன வியாதி என்று கேட்கவில்லை. நான் அதைச் சோற்றோடு விழுங்கினேன்.

"வந்துருக்கணும் தாயீ" என்றேன். "பஞ்சரெல்லாம் இல்ல. கடையில ஒக்காந்துட்டேன். தப்பு எம்மேலதான்."

"தெரியும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி கறியை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

அன்று அவள் எவ்வளவு நேரம் நின்றிருப்பாள் என்று யாராவது கேட்டிருந்தால், ஏழரையிலிருந்து ஒன்பதுவரை ஒன்றரை மணி நேரம் என்று நானும் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனே தவிர, அது எவ்வளவு என்று எனக்குத் தெரிந்திருக்காது. சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு அந்த முக்குக்குப் போய் நின்றேன். பைக்குகள் வந்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பன்னிரண்டு பைக்குக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.